வாசகர் கேள்வி: கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பழையபடி ஓட முடியுமா?

நுவரெலியா மாவட்டத்தின் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இருபது வயது ஓட்ட வீராங்கனை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பாடசாலைக் காலத்தில் 3000 மீற்றர் ஓடியவர், இப்போது 5000 மீற்றர் ஓடுகிறார். இரண்டு வருடங்களாக, ஓடத் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் ஆனதும் இரண்டு கீழ்க்கால்களின் முன்புறமும் வெளிப்புறமும் கல்லாக இறுகி வலிக்கின்றன. வலது காலில் அது அதிகம். அதையும் மீறி ஓடினால் வலது பாதம் தரையில் பட்டென்று அடிக்கிறது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோல் மரத்துப்போகிறது. நின்றுவிட்டால் இருபது நிமிடத்துக்குள் எல்லாம் மறைந்துவிடும். மறுநாள் அதே நிமிடத்தில் மீண்டும் வரும். தோட்ட டிஸ்பென்சரியில் மாத்திரையும் தைலமும் கொடுத்தார்கள். பிறகு ஒரு வருடம் 'ஷின் ஸ்பிளின்ட்' (கீழ்க்கால் எலும்பின் விளிம்பில் வரும் வலி) என்று சிகிச்சை நடந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று மாதம் முழுமையாக ஓய்வெடுத்தும், ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வலி திரும்பிவிட்டது.

கடைசியில் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தசைக்குள் ஊசி செலுத்தி அழுத்தம் அளந்திருக்கிறார்கள். கீழ்க்காலில் உறையால் சூழப்பட்ட ஒவ்வொரு தசைத் தொகுதியையும் 'அறை' என்பார்கள். வலது காலின் முன் அறையில் ஓய்வில் 17, ஓடி நிறுத்திய ஒரு நிமிடத்தில் 41, ஐந்து நிமிடத்தில் 28 மில்லிமீற்றர் இரசம். இடது காலில் ஏறக்குறைய அதே போக்கு. பின்புற ஆழ் அறையில் ஓய்வில் 12, ஓடி நிறுத்திய ஒரு நிமிடத்தில் 22, ஐந்து நிமிடத்தில் 14. இரண்டு கால்களிலும் நான்கு அறைகளையும் ஒரே தடவையில் சத்திரசிகிச்சை செய்து திறந்துவிடலாம் என்று அங்கிருந்த நிபுணர் சொல்லியிருக்கிறார். செலவுக்காக அம்மா நகைகளை அடகுவைக்கத் தயாராகிவிட்டார். நான்கு மாதத்தில் பாதுகாப்புச் சேவைகளுள் ஒன்றின் மெய்வல்லுநர் குழாத்துக்குத் தெரிவுப் போட்டி இருக்கிறது. தெரிவானால் நிரந்தரத் தொழில். ஆறு வாரத்தில் ஓடிவிடலாம் என்கிறார் பயிற்றுவிப்பாளர். "வெட்டின கால் வெட்டின கால்தான்" என்கிறார் அப்பா. கடிதத்தின் இறுதியில், ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றும், ஓட்டக்காரிகளுக்கு அது வழமை என்று சொல்லப்பட்டதாகவும் ஒரு வரி இருக்கிறது. அவர் கேட்பது இதுதான்: "அழுத்தம் இவ்வளவு கூடுதலாக இருப்பதால் சத்திரசிகிச்சை நிச்சயம் பலன் தரும் அல்லவா? நான் பழையபடி ஓடுவேனா, எத்தனை வாரத்தில்?"

மகள், உங்கள் கால்களை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த நிபுணர் பார்த்திருக்கிறார். ஆகவே நான் எழுதுவது அவருடைய தீர்ப்பை மாற்றுவதற்காக அல்ல. அடுத்த முறை அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொண்டு போவதற்காகவே எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் தரக்கூடியவர் எவரும் இல்லை. ஆனால் மீண்டு ஓடும் வாய்ப்பைக் கூட்டுபவை எவை, குறைப்பவை எவை என்பது ஓரளவு தெரிந்த விடயம். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை கத்தி படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

உங்கள் காலுக்குள் நடப்பது

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன: முன் அறை, வெளிப்பக்க அறை, பின்புற ஆழ் அறை, பின்புற மேல் அறை. ஒவ்வோர் அறையையும் உறுதியான உறை ஒன்று சுற்றியிருக்கிறது. அந்த உறை எளிதில் நீண்டு கொடுப்பதில்லை. ஓடும்போது இரத்தம் பெருகித் தசையின் பருமன் 20 சதவீதம் வரை கூடக்கூடும். உறை இடங்கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தசைக்கும் அதனூடாகச் செல்லும் நரம்புக்கும் சிரமம் உண்டாகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசை முன் அறையில் இருக்கிறது. விரல்களுக்கிடையே உணர்வு தரும் நரம்பும் அதனூடாகவே போகிறது. பாதம் பட்டென்று அடிப்பதும் அந்த இடம் மரத்துப்போவதும் இதனால்தான். கிளினிக்குகளில் இதை 'கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோம்' என்பார்கள். உங்களுடையது ஓடும்போது மட்டும் தலைகாட்டும் நாட்பட்ட வகை.

நீங்கள் விவரித்திருக்கும் விதம் இந்த நோய்க்கு மிகவும் பொருந்துகிறது. குறித்த நிமிடத்தில் தொடங்குவது, இரண்டு கால்களிலும் இருப்பது, நின்றதும் மறைவது, ஓய்வெடுத்தும் மாறாமல் திரும்பி வருவது ஆகிய நான்கும் அதன் குணங்கள். ஷின் ஸ்பிளின்டில் வலி எலும்பின் உள்விளிம்பில் இருக்கும், அழுத்தினால் நோகும், ஓடி முடித்த பிறகும் நீடிக்கும். இரண்டையும் குழப்பி ஒரு வருடம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம்; இந்த நோய் பிடிபடுவதற்கு ஓரிரு வருடங்கள் ஆவது உலகெங்கும் நடப்பதுதான்.

அழுத்த எண் சொல்வதும் சொல்லாததும்

ஓய்வில் 15 அல்லது அதற்கு மேல், ஓடி நிறுத்திய ஒரு நிமிடத்தில் 30 அல்லது அதற்கு மேல், ஐந்து நிமிடத்தில் 20 அல்லது அதற்கு மேல்: இவற்றில் ஒன்றேனும் இருந்தால் நோய் எனக் கொள்ளலாம் என்ற அளவுகோல் 1990 இல் வெளியானது. பல இடங்களில் இன்றும் அதையே பயன்படுத்துகிறார்கள். உங்கள் முன் அறை மூன்றையும் தாண்டியிருக்கிறது. பின்புற ஆழ் அறை ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் எண் கூடுதலாக இருந்தால் பலனும் கூடுதலாக இருக்கும் என்ற உங்கள் எண்ணம் சரியல்ல. எந்த வலியும் இல்லாத ஆரோக்கியமான ஓட்டக்காரர் சிலரிடமும் இந்த எல்லையை ஒட்டிய அழுத்தம் பதிவாகியிருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஊசி நுழைந்த ஆழம், அளக்கும்போது பாதம் இருந்த நிலை, எவ்வளவு நேரம் ஓடினீர்கள் என்பவற்றால் எண் மாறும். அழுத்தம் நோயறிதலுக்கு உதவுகிறது. யார் திரும்பி ஓடுவார், யார் ஓடமாட்டார் என்பதை அதை வைத்து மட்டும் சொல்ல இயலாது. 41 உள்ளவர் 33 உள்ளவரைவிட நன்றாக மீளுவார் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

மீண்டு வருவதைத் தீர்மானிப்பவை

உறையைத் திறந்துவிடும் சத்திரசிகிச்சையைப் பேஷியோட்டமி என்கிறோம். அதன் பலன் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, 'மீண்டு வருதல்' என்று அவர்கள் எதைக் குறிக்கிறார்கள் என்பது. ஒருவர் வார இறுதியில் ஐந்து கிலோமீற்றர் மெதுவாக ஓடுவதும் மீண்டு வருதல்தான். உங்களுக்குத் தேவைப்படுவது அதுவல்ல. பழைய நேரத்தில், பழைய பயிற்சிச் சுமையோடு 5000 மீற்றரை முடிப்பது. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. 2016 இல் வெளியான ஒரு மீளாய்வு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சத்திரசிகிச்சை வெற்றி என்று கணிக்கப்பட்டது சுமார் 66 சதவீதம். திருப்தி என்று சொன்னவர்களோ சுமார் 84 சதவீதம். வலி முழுதாகப் போகாவிட்டாலும், முன்பைவிடப் பரவாயில்லை என்று பலர் நிறைவடைந்திருக்கிறார்கள் என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது என நான் எடுத்துக்கொள்கிறேன். தொழிலுக்காக ஓடும் ஒருவருக்கு அந்தப் 'பரவாயில்லை' போதாமல் போகலாம்.

உங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் அமெரிக்கப் படையினரிடமிருந்து வருகிறது, ஏனென்றால் அவர்களுக்கும் ஓட்டம் தொழிலின் ஒரு பகுதி. 2013 இல் வெளியான அந்த ஆய்வில் 611 பேர் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். அவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு அறிகுறிகள் ஏதோ ஒரு வடிவில் திரும்பின. சுமார் 28 சதவீதத்தினரால் முழுச் செயற்பாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பாரம் சுமந்து, பூட்ஸ் அணிந்து, கட்டாயத்தின் பேரில் ஓடும் சிப்பாய்க்கும் உங்களுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் 'நிச்சயம்' என்ற சொல்லை யாரேனும் உங்களிடம் பயன்படுத்தினால், இந்த எண்களை மனதில் வைத்துக் கேளுங்கள்.

இனி உங்கள் பக்கம் இருப்பவற்றைப் பார்ப்போம். வயது முதலாவது. அதே 2013 இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் 81 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 41 சதவீதத்தினருக்கும் நல்ல பலன் கிடைத்தது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிலும், பாடசாலை, கல்லூரி வயதினர் அதற்கு மேற்பட்ட வயதினரைவிடக் கூடுதல் திருப்தி தெரிவித்தார்கள். இருபது வயது உங்களுக்குச் சாதகம். இரண்டாவது, நோய் எந்த அறையில் இருக்கிறது என்பது. முன் அறையைத் திறந்தவர்களில் பொதுவாக ஐந்தில் நான்கு பேர் வரை நலம் பெறுகிறார்கள். பின்புற ஆழ் அறையில் அது பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில் இறங்கிவிடுகிறது. அந்த அறை ஆழத்தில் இருக்கிறது, முழுவதுமாகத் திறந்தோமா என்று உறுதிப்படுத்துவது கடினம், முக்கிய இரத்தக் குழாய்கள் அதனூடாகச் செல்கின்றன. உங்கள் நோய், உங்களிடமுள்ள அறிக்கையின்படி, முன் அறையில். இதுவும் சாதகம்.

பாதகமாக இருக்கக்கூடியவை மூன்று: தேவையற்ற அறைகளையும் சேர்த்துத் திறப்பது, நோயோடு வேறொன்றும் மறைந்திருப்பது, நோயைத் தூண்டிய ஓட்ட முறை மாறாமல் அப்படியே தொடர்வது.

நான்கு அறைகளும் தேவையா?

"எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் மறுபடி வராது" என்ற எண்ணம் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. முன் அறையை மட்டும் திறந்தவர்களைவிட, அதோடு மற்ற அறைகளையும் திறந்தவர்களில் தோல்வி கூடுதலாகவும், மீள எடுக்கும் காலம் நீளமாகவும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. நோய் பரந்திருப்பவர்களுக்கே அதிக அறைகள் திறக்கப்படுகின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே அறைகளின் எண்ணிக்கை மீது மட்டும் பழியைப் போட முடியாது. ஆயினும், ஒவ்வோர் உறையும் திறக்கப்படும்போது இரத்தக் கசிவு, தழும்பு, நரம்புக் காயம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. வெளிப்பக்க அறையில் ஓடும் நரம்பு ஒன்று கணுக்காலுக்கு ஒரு சாண் தூரத்துக்குக் குறைவான உயரத்தில் உறையைத் துளைத்து வெளியே வருகிறது. அது காயப்பட்டால் புறங்காலில் மரத்த உணர்வோ எரிச்சலோ தங்கிவிடலாம்.

ஆகவே நிபுணரிடம் நேராகக் கேளுங்கள்: "பின்புற ஆழ் அறையின் அளவு எல்லைக்குக் கீழே இருக்கிறதே, அதைத் திறக்க வேண்டும் என்பதற்கு என்ன காரணம்?" காலைத் தொட்டுப் பார்த்தபோது அவருக்கு ஏதேனும் தென்பட்டிருக்கலாம்; கெண்டைக்காலின் உட்பக்கத்திலும் வலி இருப்பதாக நீங்கள் சொல்லி, அதை எனக்கு எழுத மறந்திருக்கலாம். காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது உங்கள் உரிமை. எந்த நல்ல வைத்தியரும் அதனால் மனம் நோகமாட்டார்.

அப்பாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சத்திரசிகிச்சையில் தசையையோ எலும்பையோ வெட்டுவதில்லை. தசையைச் சுற்றியுள்ள உறையை நீளவாக்கில் திறந்து, தோலை மட்டும் தைத்துவிடுகிறார்கள். நடக்க முடியாமல் போவது இதன் இயல்பான விளைவு அல்ல. ஆனால் அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது: திறந்த உறை தழும்பாகி மீண்டும் மூடிக்கொள்ளலாம், சிலருக்கு இரண்டாவது தடவை கத்தி தேவைப்படலாம். காலில் தழும்பும் நிரந்தரமாக இருக்கும்.

அந்தக் கடைசி வரி

மாதவிடாய் ஐந்து மாதம் வராமலிருப்பது ஓட்டக்காரிகளுக்கு வழமை அல்ல. பலருக்கு நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. திருமணமான பெண்ணாக இருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனையைச் சொல்வேன். எவராயினும் அதைச் செய்துவிட்டு மேலே போவதே முறை. அது இல்லையென்றால், உடல் செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு போகவில்லை என்பதே மிகச் சாதாரணமான காரணம். அப்போது ஈஸ்திரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்து எலும்பின் வலு இறங்குகிறது. எலும்பில் நுண்முறிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. ஆரம்ப நிலை நுண்முறிவு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். கீழ்க்காலின் முன்னெலும்பில் முன்பக்க விளிம்பில் வரும் முறிவு ஆறுவதற்கு மிகவும் அடம்பிடிக்கும். தசை அறை நோயோடு அதுவும் சேர்ந்திருந்தால், உறையைத் திறந்தும் வலி போகாது. சத்திரசிகிச்சை தோற்றுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். எலும்பில் விரல் நுனியளவு இடத்தில் அழுத்தினால் நோகிறதா, இரவிலும் வலிக்கிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும், சத்திரசிகிச்சைக்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்று எடுப்பது நல்லது. முழங்காலுக்குப் பின்னால் இரத்தக் குழாய் தசையில் நெருக்குப்படும் இன்னொரு நோயும் இதே வேடத்தில் வரும். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக் கால் நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினையும் கேளுங்கள். தோட்டப்புறப் பெண்களிடையே இரத்தசோகை புதிய செய்தி அல்ல. நீங்கள் அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு பிளேன்டீயோடு ஓடப் போவதாகவும், திரும்பி வந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு மறுபடி தேநீர் குடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உலகுக்கே தேயிலை கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சங்கடந்தான், ஆனாலும் சொல்கிறேன்: உணவோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். ஓடப் போகுமுன் ஒரு வாழைப்பழமேனும் வயிற்றில் இருக்கட்டும். முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை, கூடவே ஒரு தேசிக்காய்த் துண்டு: இவை எந்த விலையுயர்ந்த மாவையும்விட உங்களுக்கு நல்லவை.

கத்திக்கு முன் முயலக்கூடியது

குடியிருக்கும் லயத்திலிருந்து தொழிற்சாலை வரை இறக்கத்தில் ஓடும் நாளில் வலி சீக்கிரமே வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. இறக்கத்தில் குதிகால் முதலில் தரையில் ஊன்ற, பாதம் தடாரென்று விழாமல் மெல்ல இறக்கிவைக்கும் வேலையை முன் அறைத் தசை செய்கிறது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் அந்த வேலை தசைக்கு மிகக் கடினமானது. நமது தோட்டப் பாதைகளில் சமதரை என்பதே அரிது என்பதால், இங்குள்ள ஓட்டக்காரரின் முன் அறை சமவெளிக்காரருடையதைவிடக் கூடுதலாக உழைக்கிறது.

2012 இல், அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில், முன் அறை நோயுள்ள பத்துப் பேருக்கு ஆறு வாரம் ஓட்ட முறையை மாற்றக் கற்பித்தார்கள்: குதிகாலில் அல்லாமல் பாதத்தின் முன்பகுதியில் இறங்குவது, அடியைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது. அவர்கள் ஓடக்கூடிய தூரம் சராசரியாக 1.4 கிலோமீற்றரிலிருந்து 4.8 கிலோமீற்றராக உயர்ந்தது. ஓட்டத்துக்குப் பிந்திய அழுத்தமும் இறங்கியது. ஒரு வருடம் கழித்தும் எவருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. பத்துப் பேர் மட்டுமே, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை என்பதால் இதை அளவோடுதான் நம்ப வேண்டும். சுமை கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் மாறுவதால் அவசரப்பட்டால் அங்கே காயம் வரும். அப்படியிருந்தும், முன் அறை நோயுள்ள, இளவயதுள்ள, இறக்கத்தில் ஓடும் உங்களுக்கு இதை முயலாமலே சத்திரசிகிச்சைக்குப் போவதை நான் விரும்பமாட்டேன். எம்.ஆர்.ஐ.யில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பிறகு, ஒரு பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் ஆறு தொடக்கம் எட்டு வாரம் முயன்று பாருங்கள். அடிகளின் எண்ணிக்கையை நிமிடத்துக்கு 5 தொடக்கம் 10 சதவீதம் கூட்டினாலே இறங்கும் விதம் தானாக மாறத் தொடங்கும். அக்காலத்தில் புல்தரையில் மட்டும் ஓடுங்கள். ஹட்டன் டன்பார் மைதானம் போன்ற ஒரு சமதரை, வாரத்தில் மூன்று நாள் போதும். எண்ணெய் தேய்ப்பதால் கேடில்லை. அது உறையைத் தளர்த்தும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறு வாரக் கணக்கு

பயிற்றுவிப்பாளர் சொன்ன ஆறு வாரம் முழுப் பொய் அல்ல. அது மெதுவோட்டத்தைத் தொடங்கும் காலம். முன் அறை மட்டும் திறக்கப்பட்டு எல்லாம் ஒழுங்காகப் போனால், முதல் சில நாட்களிலேயே ஊன்றுகோலுடன் நடக்கவும், தழும்பு ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பாதத்தை அசைக்கவும் சொல்வார்கள். தையல் பிரித்துக் காயம் ஆறிய பிறகு நிலைச் சைக்கிள். நான்கு தொடக்கம் ஆறு வாரத்தில் சமதரையில் மெதுவோட்டம். போட்டிப் பயிற்சிக்குத் திரும்ப எட்டு தொடக்கம் பன்னிரண்டு வாரம். ஆழ் அறையையும் திறந்தால் இன்னும் நீளும். அதன் பிறகுதான் இழந்த உடற்தகுதியைத் திரும்பக் கட்ட வேண்டும்; இரண்டு வருடமாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் முழுமையாக ஓடாத ஒருவருக்கு அதற்குச் சில மாதங்கள் வேண்டும். நாளைக்கே சத்திரசிகிச்சை நடந்தாலும், நான்கு மாதத்தில் வரும் தெரிவுப் போட்டியில் உங்கள் சிறந்த நேரத்தை ஓடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன். அந்தத் திகதிக்காகச் சத்திரசிகிச்சையை அவசரப்படுத்துவது, என் பார்வையில், இருக்கும் வழிகளில் மிக மோசமானது. ஓட்ட முறை மாற்றம் பலன் தந்தால் இவ்வருடமே போட்டியில் நிற்கலாம். தராவிட்டால் அடுத்த தெரிவுக்குச் சத்திரசிகிச்சை முடித்து, நிதானமாகத் தயாராகலாம்.

சத்திரசிகிச்சை என்று முடிவானால் பருவத்தையும் பாருங்கள். மேற்குச் சரிவில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஈரமும் சேறும் அட்டைக்கடியும் ஆறாத காயத்துக்கு ஆகாதவை. படிக்கட்டுகளும் சரிவும் இல்லாத இடத்தில் உறவினர் வீடு இருந்தால் முதல் மூன்று வாரம் அங்கே தங்குங்கள். இறக்கத்தில் ஓடுவதைக் கடைசியாக மீண்டும் தொடங்குங்கள், மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம்.

நகையை அடகுவைக்குமுன்

இந்தச் சத்திரசிகிச்சைக்குத் தனியார் வைத்தியசாலை தான் கதி என்பதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் என்புமுறிவு சத்திரசிகிச்சைப் பிரிவு இலவசமாக இயங்குகிறது. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கி, அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கடிதம் பெறலாம். விளையாட்டு வீரர்களுக்கென விளையாட்டுத்துறை அமைச்சின் கீழ் கொழும்பில் விளையாட்டு மருத்துவ நிறுவகமும் இருக்கிறது. காத்திருக்க வேண்டி வரலாம். உங்களுக்கு எப்படியும் எட்டு வார முயற்சி இருக்கிறது, அந்தக் காலத்தைக் காத்திருப்புக்கும் பயன்படுத்துங்கள். அழுத்த அறிக்கை, எக்ஸ்ரே, பழைய டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றின் பிரதிகளையும் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள், அவை உங்களுடையவை. சம்மதப் பத்திரத்தில் எந்தக் காலில், எந்த அறை என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். அது உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

இறுதியாக ஓர் அவசர விடயம். உங்கள் நாட்பட்ட வலி நின்றதும் மறைகிறது. ஒரு நாள் ஓட்டத்துக்குப் பின்னோ சத்திரசிகிச்சைக்குப் பின்னோ, ஓய்விலும் குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வலி, பலகைபோல் இறுகிய கால், பாதத்தைத் தூக்க முடியாத நிலை ஆகியவை வந்தால் அது வேறு நோய். சில மணித்தியாலங்களுக்குள் தசை இறக்கத் தொடங்கிவிடும். விடியட்டும் என்று காத்திருக்கவோ தைலம் தேய்த்துப் பார்க்கவோ வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை இலவசமாக அழைத்து, அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அந்த நேரமே புறப்படுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கிச் சூடாக இருந்தாலும், மூச்சுத் திணறினாலும் அதையே செய்யுங்கள்.